உங்களுக்கு எத்தனை மார்க்?

சிதம்பரம் கீழ வீதியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரிடையர்டு கணக்கு வாத்தியார். எட்டணா இடித்தால்கூட அன்றைக்கு ராத்திரி தூங்கமாட்டார். சென்ற வருடம் அவருடைய தங்கையைக் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ராத்திரி பத்தேகால் மணிக்கு டாக்டர் ஓர் ஊசி மருந்து எழுதிக் கொடுத்து, உடனே வேண்டும் என்றார். கீழே மருந்துக்கடையில் பில் 38,400 ரூபாய். நண்பர் செல்போனை எடுத்தார், தட்டினார். 'பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்தப் பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மறுபடி தட்டினார். இந்த முறை கணக்கையே தாற்காலிகமாக முடக்கிவிட்டார்கள். அதில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தது. அவர் சம்பாதித்த பணம்.

கஸ்டமர் கேருக்கு போன் போட்டார். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, தமிழுக்கு ஐந்து எல்லாம் அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள்.

"செக்யூரிட்டி ரீஸன் சார்."

"என்னம்மா ரீஸன்?"

"எங்களுக்குத் தெரியாது சார். சிஸ்டம்தான் பிளாக் பண்ணியிருக்கு. நாளைக்குக் காலைல ஹோம் பிராஞ்சுக்குப் போங்க சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

வேறு என்ன உதவி? மருந்துக்கடைப் பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "மேல ரூம் பதினாலா சார்? எடுத்துட்டுப் போங்க, காலைல குடுங்க" என்று ஊசி மருந்தை நீட்டினான். தங்கை பிழைத்தார்.

நண்பர் என்னிடம் இதைச் சொன்னபோது கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியத்தோடு சொன்னார். "இருபத்திரண்டு வருஷமா என்னைத் தெரிஞ்ச பேங்க்குக்கு என் மேல நம்பிக்கை இல்லே. அஞ்சு நிமிஷம் பார்த்த பையனுக்கு இருந்தது. இது என்ன கணக்கு ஸார்?"

இந்த வாரம் அந்தக் கணக்கைத்தான் பார்க்கப்போகிறோம்.

நீங்கள் செல்போனில் பணம் அனுப்பும்போது, பட்டனை அழுத்துவதற்கும் பச்சை டிக் வருவதற்கும் நடுவே ஒரு விநாடி இருக்கிறது பாருங்கள், அதற்குள் உங்களுக்கு ஒரு பரீட்சை நடக்கிறது. கேள்விகள் ஏராளம். இது வழக்கமான செல்லா, புதுசா? அதே சிம்தானா? எந்த ஊரிலிருந்து அழுத்துகிறீர்கள்? என்ன மணி? இவ்வளவு தொகை இதற்கு முன் அனுப்பியதுண்டா? வாங்குகிறவருக்கு முன்னால் எப்போதாவது கொடுத்திருக்கிறீர்களா? அவர் கணக்கில் பணம் தங்குகிறதா, வந்த வேகத்தில் வெளியே ஓடுகிறதா? சில நிறுவனங்கள் நீங்கள் எழுத்துக்களைத் தட்டும் வேகத்தையும் செல்லைப் பிடிக்கும் சாய்மானத்தையும்கூடக் கவனிக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து உங்களுக்கு ஒரு மார்க். அது ஒரு கோட்டைத் தாண்டினால் நீங்கள் திருடன், அல்லது திருடனாக இருக்கக்கூடியவர்.

புதிய சமாசாரமில்லை. அமெரிக்காவில் 1992-லேயே ஃபால்கன் என்று ஒரு மென்பொருள், கிரெடிட் கார்டுக்காரர்களின் பழக்கவழக்கங்களைப் படித்து இந்த மாதிரி மார்க் போட ஆரம்பித்துவிட்டது. இன்னொரு முறை விலாசத்தைச் சரிபார்ப்பது. வீட்டு எண்ணும் பின்கோடும் பேங்க்கில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் பொருந்தும். நம் ஊரில் 'பழைய எண் 14, புதிய எண் 31, பிள்ளையார் கோவில் எதிரில், மாடி' என்பதை எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பொருத்துவது?

அதனால் இந்தியா வேறு வழியில் போனது. இன்டர்நெட்டில் கார்டு நம்பரை மட்டும் போட்டால் போதாது, கூடுதலாக ஒரு ரகசியமும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. நம்மை வாட்டும் ஓ.டி.பி-யின் பூர்வீகம் அதுதான். பல நாடுகள் யோசித்துக்கொண்டிருந்தபோது நாம் செய்துவிட்டோம்; பெருமைப்படலாம். 2016-ல் யு.பி.ஐ வந்தபோது உங்கள் செல், உங்கள் சிம், உங்கள் பின் மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள். ஆப்பை நிறுவும்போது உங்கள் செல்லிலிருந்து தானாக ஒரு எஸ்.எம்.எஸ் போகிறதே, அந்த முடிச்சுதான் அது. கடைக்காரர்கள் உங்கள் கார்டு நம்பரைச் சேமித்துவைக்கக் கூடாது, பதிலுக்கு ஒரு டோக்கன்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2022 அக்டோபர் 1 முதல் விதி வந்தது. இவையெல்லாம் நல்ல வேலைகள். குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இனி குறைக்கு வருகிறேன்.

நண்பர் விஷயத்தில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து ஊகித்துப் பார்த்தோம். பழைய செல் தண்ணீரில் விழுந்து, இரண்டு நாள் முன்புதான் புதுசு வாங்கியிருந்தார். வழக்கமாகச் சிதம்பரத்தில் இருப்பவர் அன்று 45 கிலோமீட்டர் தள்ளிக் கடலூரில் இருந்தார். வழக்கமாக எட்டரைக்குப் படுப்பவர் பத்தேகாலுக்குப் பணம் அனுப்பினார். பால், காய்கறி, கேபிள் டி.வி என்று ஐந்நூறு அறுநூறு அனுப்புகிறவர் 38,400 அனுப்பினார். வாங்குகிறவர் புதியவர். புது செல், புது ஊர், புது நேரம், புது தொகை, புது ஆள்.

யோசித்துப் பாருங்கள், இதில் ஒரு தகவல்கூடத் தப்பில்லை. எல்லாம் சரியான தகவல்கள். முடிவு மட்டும் தப்பு.

விபத்தும் ஆஸ்பத்திரியும் புயலும் மனிதனின் வழக்கத்தைக் கலைத்துப்போடும் சந்தர்ப்பங்கள். கடலூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 சுனாமியும் 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும் பார்த்தவர்கள். வீடு, செல், சிம் எல்லாம் போய், உறவினர் வீட்டிலிருந்து, வேறு செல்லில், அகால நேரத்தில் பணம் எடுக்க வேண்டிய மனிதன், இந்தப் பரீட்சையில் திருடனைப் போலவேதான் தெரிவான். பணம் மிக அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் மார்க் மிக மோசமாக இருக்கும். இது இந்த ஏற்பாட்டின் பிறவிக் கோளாறு.

கதையின் இரண்டாம் பாகம் இன்னும் சுவாரசியமானது.

நாலு மாதம் கழித்து நண்பரின் மனைவிக்கு ஒரு போன். அவரும் ரிடையர்டு, தலைமை ஆசிரியை. பேசினவன் மரியாதையாக, "அம்மா, வணக்கம்" என்று ஆரம்பித்தான். அவருடைய முழுப் பெயர், ரிடையரான தேதி, பென்ஷன் நம்பர், பேங்க் கணக்கின் கடைசி நாலு எண்கள் எல்லாம் சொன்னான். "இந்த வருஷ நேர்காணல் விவரம் அப்டேட் ஆகலைம்மா. உங்களுக்கு அரியர்ஸ் வேற நிக்குது. ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் சொல்றேன், அதை ஆப்ல போட்டுட்டு உங்க பின்னைப் போடுங்க. பின்னை எங்கிட்டகூடச் சொல்லாதீங்க" என்றான். அந்தக் கடைசி வாக்கியம்தான் அம்மாவை விழவைத்தது. ரெஃபரன்ஸ் நம்பர் 49876. அதைப் போட்ட கட்டம், தொகைக்கான கட்டம்.

49,876 ரூபாய் போய்விட்டது.

இந்த முறை மார்க் எப்படி? பிரமாதம். பழைய செல், பழைய சிம், சொந்த வீடு, மத்தியானம் மூன்று மணி, தப்பில்லாத பின். கம்ப்யூட்டர் புன்சிரிப்போடு பச்சை டிக் கொடுத்தது. 1930-க்கு போன் செய்தார்கள். பாதித் தொகை எங்கோ ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டது. மீதி போனது போனதுதான். பேங்க்கில், "நீங்களேதானே மேடம் பின் போட்டிருக்கீங்க" என்றார்கள்.

ஆக, ஒரே வீட்டில் கணவர் தன் பணத்தைத் தானே செலவழிக்க முடியவில்லை. மனைவி பணத்தை வேறொருவன் தடையில்லாமல் எடுத்துப் போனான். இரண்டுக்கும் ஒரே காரணம்தான். இந்த ஏற்பாடு 'இது அவர்தானா?' என்று கேட்கிறது. 'அவர் என்ன செய்கிறார் என்று அவருக்குத் தெரியுமா?' என்று கேட்பதில்லை. பூட்டைப் பலமாக்கிவிட்டோம், திருடன் பூட்டை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடமே வந்து நயமாகச் சாவி கேட்கிறான்.

அவன் நயமாகப் பேசுவதற்கு மூலதனம் எது? அதே சொந்தத் தகவல்கள்தான். நம்மை அடையாளம் காண எதையெல்லாம் கேட்டு வாங்கி வைத்தார்களோ, அதைச் சொல்லித்தான் அவன் நம்பவைக்கிறான். அந்தத் தகவல் எங்கிருந்து கசிகிறது? 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் கார்டுதாரர்கள் ஏறக்குறைய 50 லட்சம் பேருடைய விவரங்கள் இணையத்தில் கிடப்பதாக ஒரு பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸின் வாடிக்கையாளர் தகவல்கள் டெலிகிராமில் கேட்பவர்க்கெல்லாம் கிடைத்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதெல்லாம் பெரிய கசிவு. நம் தெரு ஜெராக்ஸ் கடை, கல்யாண மண்டபம், லாட்ஜ், சிம் கடை என்று நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆதார் நகல்கள் எத்தனை? அவையெல்லாம் எங்கே? யாரையாவது கேட்டிருக்கிறோமா?

பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியையும் கைரேகையையும் எப்படி மாற்றுவது? 2018-ல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்பவர் ஒருவர், இணையத்திலிருந்த நிலப் பதிவுப் பத்திரங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து ரப்பரில் அச்சாக்கி, ஆயிரக்கணக்கான சிம்களை உயிர்ப்பித்துப் பிடிபட்டார். பத்திரப் பதிவு ஆபீசில் அப்பாவும் தாத்தாவும் பெருவிரல் உருட்டியதெல்லாம் நினைவிருக்கிறதா? அது இன்றைக்குப் பாஸ்வேர்டு.

கடலூர் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் சொந்தமாகவே சரித்திரம் இருக்கிறது. இரண்டும் 2020-ல் நடந்தவை.

முதலாவது கொஞ்சம் சிரிக்கலாம். அந்த ஜூலையில் பண்ருட்டியில் மூன்று பேரைப் போலீஸ் பிடித்தது. அவர்கள் ஸ்டேட் பாங்க்கின் கிளை ஒன்றையே போலியாகத் திறந்திருந்தார்கள். கம்ப்யூட்டர், சலான், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் பக்கா. முக்கியஸ்தன் வங்கி ஊழியர் குடும்பத்துப் பையன், பத்தொன்பது வயசு. கூட்டாளிகளில் ஒருவர் பிரஸ்காரர், இன்னொருவர் ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர். அசல் கிளைக்குத் தகவல் தெரிந்து மாட்டிக்கொண்டார்கள். பணம் இழந்ததாக யாரும் புகார் செய்யவில்லை. இதிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது: நாம் யார் என்று நிரூபிக்க நூறு சோதனை வைத்திருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பது பேங்க்தான் என்று நமக்கு நிரூபிக்க எத்தனை சோதனை இருந்தது? ஒரு போர்டு, ஒரு சலான், ஒரு சீல். வங்கிகளின் வலைத்தளங்களுக்கென்று தனி முகவரி முடிவு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லி, அதற்கு 2025 அக்டோபர் கடைசி வரை தவணை கொடுத்தது. அடையாளம் காட்டும் கடமை இரண்டு பக்கத்துக்கும் உண்டு என்பது இப்போதுதான் மெல்ல உறைக்க ஆரம்பித்திருக்கிறது.

இரண்டாவது சிரிப்பல்ல. பி.எம். கிசான் திட்டம் தெரியுமல்லவா? விவசாயக் குடும்பத்துக்கு வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேராக வங்கிக் கணக்கில். நடுவில் யாரும் கை வைக்க முடியாது என்பதுதான் அதன் பெருமை. 2020-ல் தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்கள் அதில் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. சுமார் 110 கோடி ரூபாய். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று 13 மாவட்டங்கள் அடிபட்டன. சி.பி.சி.ஐ.டி விசாரித்தது. வேளாண் துறையினரின் லாகின், பாஸ்வேர்டுகள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன. புரோக்கர்கள் கிராமம் கிராமமாகப் போய் ஆதாரும் பாஸ்புக் நகலும் வாங்கியிருந்தார்கள். சில ஊர்களில் கொரோனா நிவாரணம் என்று சொல்லி வாங்கியதாக அப்போது செய்திகள் வந்தன.

இதைக் கவனியுங்கள். அந்த ஆதார் நம்பர்கள் நிஜம், வங்கிக் கணக்குகள் நிஜம், மனிதர்களும் நிஜம். கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில். 'இவர் விவசாயியா?' என்ற ஒரே ஒரு கேள்விதான் பொய். அதை வயலில் போய்ப் பார்க்க வேண்டிய மனிதர் பார்க்கவில்லை. அவருடைய பாஸ்வேர்டு பார்த்துக்கொண்டது. பிறகு என்ன செய்தார்கள்? கணக்குகளை முடக்கி, பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். எடுத்ததில் தப்பில்லை, அரசுப் பணம். ஆனால் 'கொரோனா பணம்' என்று நம்பி நகல் கொடுத்த கூலிக்காரப் பெண்ணுக்கு, எதற்கு வந்தது, எதற்குப் போனது இரண்டுமே புரிந்திருக்காது.

சிதம்பரத்தில் சரியான தகவல், தப்பான முடிவு. கடலூர் மாவட்டக் கிராமங்களில் சரியான தகவல், பொய்யான கோரிக்கை. தகவல் குறைவாக இருந்ததால் இந்தத் தவறுகள் நேரவில்லை என்பதற்காகத்தான் இத்தனை கதையும் சொன்னேன். ஒவ்வொரு மோசடிக்குப் பிறகும், இன்னும் கொஞ்சம் தகவல் கொடுங்கள், இன்னும் ஒரு அனுமதி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். லொகேஷன் கேட்டார்கள், கொடுத்தோம். எஸ்.எம்.எஸ் படிக்க அனுமதி கேட்டார்கள், கொடுத்தோம். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று படித்தோமா? 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்ற அந்த நீண்ட உரைநடை, இந்தியாவிலேயே மிக அதிகம் பேர் கையெழுத்திட்டு, மிகக் குறைவானவர்கள் படித்த இலக்கியம். ஒரு முறை நான் படித்தேன். 'மோசடித் தடுப்பு மற்றும் அது தொடர்பான நோக்கங்களுக்காக' என்ற வகையில் ஒரு தொடர் வந்தது. அந்த 'தொடர்பான' என்ற வார்த்தைக்குள் ஒரு லாரியையே ஓட்டிக்கொண்டு போகலாம். திருடனைப் பிடிக்க வாங்கிய லொகேஷனை வைத்து எனக்கு நகைக்கடன் விளம்பரம் காட்டினால், அது தொடர்பான நோக்கமா, இல்லையா?

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். ஆறு வருடம் கழித்து, 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு அப்போது 18 மாத அவகாசம் தரப்பட்டது. தகவலைப் பத்திரமாக வைக்காமல் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் 17(1)(சி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க, விசாரிக்கத் தகவலைக் கையாண்டால், சட்டத்தின் பெரும்பாலான கடமைகள் பொருந்தாது. பத்திரமாக வைக்கும் கடமை மட்டும் நிற்கும். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கும் உரிமை, தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லும் உரிமை எல்லாம் அங்கே விலகிவிடும்.

இதற்கு ஒரு நியாயம் உண்டு. திருடன் வந்து, 'என்னைப் பற்றிய ஃபைலைக் காட்டு' என்று கேட்டால் காட்ட முடியுமா? எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் என்று வெளியே சொன்னால் அவன்தான் முதலில் படித்துக்கொண்டு வருவான். சரி. ஆனால் சூத்திரத்தை யாரும் கேட்கவில்லையே. 'புது செல், புது ஊர், அதனால் நிறுத்தினோம். இதுதான் நிரூபிக்கும் வழி' என்று இரண்டு வரி சொன்னால் எந்த ரகசியம் போய்விடும்? திருடனுக்குத் தன் செல் புதுசு என்று முன்பே தெரியும்.

சிதம்பரத்தில் நடராஜர் சன்னதிக்குப் பக்கத்தில் ரகசியம் என்று ஒன்று உண்டே, பார்த்திருப்பீர்கள். திரையை விலக்கினால் தங்க வில்வ மாலைகள் தொங்கும், அதற்கப்பால் வெட்டவெளி. ஒன்றுமில்லை என்பதைக்கூடத் திரை விலக்கிக் காட்டிவிடுகிறார்கள். வங்கியின் திரைக்குப் பின்னால் நம் சகல சங்கதியும் இருக்கிறது. அந்தத் திரை விலகுவதில்லை. வாசலில் காரணம் சொல்லப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டவர்கள் கதை சிதம்பரத்துக்குப் புதிதில்லைதான்.

ஐரோப்பாவில் 2018-ல் அமலுக்கு வந்த சட்டம், மோசடியைத் தடுக்கத் தகவலைப் பயன்படுத்துவது நியாயமான காரணம்தான் என்று ஒப்புக்கொள்கிறது. கூடவே, ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை மெஷின் மட்டும் தனியாக எடுத்துவிட்டால், ஒரு மனிதர் தலையிட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்கும் உரிமையையும் தருகிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி. அனுப்பிய பேங்க் பாதி, திருடனுக்குக் கணக்கு வைத்துக்கொடுத்த பேங்க் பாதி. இந்த 'பாதி' சமாசாரம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. திருடனின் கணக்கு ஆகாயத்திலா இருக்கிறது? ஏதோ ஒரு பேங்க்தான் கே.ஒய்.சி பார்த்து அவனுக்கோ அவனுடைய பினாமிக்கோ திறந்து கொடுத்தது.

நம் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டது. உங்கள் தவறில்லாமல் வெளியே எங்கோ நடந்த கோளாறால் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. ரகசிய எண்ணைப் பகிர்ந்தது போன்ற அஜாக்கிரதை என்றால், புகார் கொடுக்கும் வரைக்கும் போனது உங்கள் தலையில் என்றது. தலைமை ஆசிரியை அம்மா பின்னை யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் தானே போட்டார். அது அஜாக்கிரதை என்றால், அவருடைய பென்ஷன் நம்பரைக் கசியவிட்டவர்கள் செய்ததற்கு என்ன பெயர்?

புதிய ஏற்பாடுகள் வந்துகொண்டிருக்கின்றன. பினாமிக் கணக்குகளை மோப்பம் பிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல்ஹன்ட்டர்' என்று ஒன்றைத் தயாரித்திருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதத்தில் செல் நம்பர்களுக்கே ஆபத்து மார்க் போட ஆரம்பித்தது: நடுத்தரம், அதிகம், மிக அதிகம். பணம் அனுப்புமுன் வங்கிகள் அதைப் பார்த்துக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் கைவிடப்பட்ட ஒரு நம்பர் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். திருடனின் பழைய நம்பர் உங்கள் மகளுக்குக் கிடைத்தால், அவள் மார்க்கை யாரிடம் போய் அழிக்கச் சொல்வது? 2026 ஏப்ரல் 1-ஐத் தேதியாகக் குறித்து ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், இடம், பழக்கம், செல்லின் தன்மை, பழைய வரவு செலவு இவற்றையெல்லாம் பார்த்து ஆபத்தை எடைபோட வங்கிகளுக்கு வழி செய்கின்றன. அதாவது பரீட்சை இனி இன்னும் கடினம். அதே ஆவணம், நெறிமுறையைப் பின்பற்றாததால் நஷ்டம் வந்தால் வாடிக்கையாளருக்கு முழுவதும் மறுபேச்சில்லாமல் தரவேண்டும் என்கிறது. இதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், செய்துவையுங்கள். செல் மாற்றினால், பெரிய தொகை அவசரப்படும் முன் சின்னத் தொகை இரண்டொன்று அனுப்பிப் பழக்கிவிடுங்கள். எல்லாப் பணத்தையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். பெரிய தொகை மாற்றும்போது வாங்குபவரின் பெயரைக் காட்டும் வசதி 2025-லிருந்து நெஃப்ட்டிலும் வந்துவிட்டது, பெயரைப் படித்துவிட்டு அழுத்துங்கள். பணம் வருவதற்குப் பின் தேவையில்லை, போவதற்கு மட்டும்தான் தேவை என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். உங்கள் விவரத்தை ஒருவன் சரியாகச் சொன்னால் நம்பிக்கை வரக்கூடாது, சந்தேகம் வரவேண்டும். பணம் போய்விட்டால் அழுவதற்கு முன் 1930.

மருந்துக்கடைப் பையன் செய்ததும் ஒரு மார்க் போடும் வேலைதான். ரூம் நம்பர், வயது, கையிலிருந்த டாக்டர் சீட்டு, முகத்திலிருந்த கலவரம் எல்லாம் பார்த்தான், நம்பினான். ஒரு வித்தியாசம்: அவன் 'தரமாட்டேன்' என்று சொல்லியிருந்தால், 'ஏன்?' என்று கேட்டிருக்கலாம். பதில் சொல்ல எதிரே ஓர் ஆள் இருந்தான்.

கணக்கு வாத்தியாரிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். சட்டப் பிரிவுகள் வந்த இடத்தில் கொஞ்சம் கொட்டாவி விட்டார். கடைசியில் சொன்னார்:

"நான் முப்பத்தஞ்சு வருஷம் பேப்பர் திருத்தியிருக்கேன் ஸார். பிளஸ் டூ ஃபெயிலான பையன்கூட விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். எனக்கு எத்தனை மார்க் போட்டாங்கன்னு நான் கேட்கலை. மறுகூட்டலுக்கு எங்க அப்ளிகேஷன் போடணும்னுதான் கேட்கிறேன்."

உங்களுக்கு யாராவது பதில் சொன்னால் அவருக்கும் சொல்லுங்கள்.